மார்க்கரின் முழங்கால்

முழங்கால் வீங்கினால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் முதலில் செய்வது தைலம் தேய்ப்பது. நானும் தேய்த்தேன். அதிலும் நான் விளையாட்டுக்காரன், மற்றவர்களைவிட அழுத்தித் தேய்க்கத் தெரிந்தவன். அது முட்டாள்தனம், யாரும் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தால் தைலம் சின்ன முட்டாள்தனமாகத் தெரிகிறது. பெரியதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு தினமும் செய்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

நான் டென்னிஸ் ஆடிப் பிழைத்தவன். பேர் பெருமாள், ஆனால் கிளப்புகளில் யாருக்கும் அந்தப் பேர் தெரியாது. மார்க்கர் என்பார்கள். மார்க்கர் என்றால், கிளப்பில் சம்பளம் வாங்கிக்கொண்டு மெம்பர்களோடு ஆடுகிறவன். காலையில் கோர்ட்டுக்கு உருளை போட வேண்டும், சுண்ணாம்புக் கோடு இழுக்க வேண்டும், மட்டைகளுக்கு நரம்பு கட்ட வேண்டும். மெம்பர் வந்ததும் எதிர்ப்பக்கம் நின்று அவருக்குப் பிடித்த இடத்தில் பந்து போட வேண்டும். மெம்பர் அடிக்கடி தோற்கக் கூடாது. விட்டுக்கொடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியவும் கூடாது. இரண்டாவதுதான் கஷ்டம். அதில் நான் கெட்டிக்காரன் என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். ஒருவர் முகத்தைப் பார்த்தால் போதும், இன்றைக்கு அவருக்கு எத்தனை கேம் வேண்டும் என்று தெரிந்துவிடும்.

பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். துரைமார் கிளப்பில் பந்து பொறுக்கப் போனவனை ஆள் வராத ஒரு நாளில் எதிரே நிற்க வைத்தார்கள். அப்படியே மார்க்கர் ஆனேன். கொழும்பில் மார்க்கர்களுக்கென்று தனியாகப் போட்டி வைப்பார்கள். அதில் இரண்டு தடவை ஜெயித்திருக்கிறேன். பெரிய போட்டிகளில் எங்களைச் சேர்க்க மாட்டார்கள். காசு வாங்கி ஆடுகிறவன், காசு வாங்காமல் ஆடுகிற கனவான்களோடு மோதக் கூடாது என்பது அன்றைய சட்டம். ஆனால் போட்டிக்கு முன்னால் ஆடிப் பழகிக்கொள்ள அதே கனவான்கள் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு தடவை, அன்று மாலை இறுதி ஆட்டம் ஆடப் போகிற ஒருவரோடு காலையில் ஆடச் சொன்னார்கள். செக்ரட்டரி துரை என் தோளில் கையைப் போட்டு, "அவருக்கு இன்னைக்கு மனசு தெம்பா இருக்கணும், வெளங்குதா?" என்றார். விளங்கியது. எல்லா செட்டும் தோற்றேன். மாலையில் அவர் கோப்பை வாங்கியபோது நெட்டுக்குப் பக்கத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வருத்தமாக இருந்ததா என்றால், இருந்தது. நினைத்திருந்தால் அன்று காலை அவரை நான் ஜெயித்திருப்பேன்.

பிறகு இரண்டு நாட்டுக்காரர்களும் ஒப்பந்தம் போட்டு எங்களைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். எங்கள் குடும்பம் இந்தியாவின் பங்கில் விழுந்தது. கப்பல், மண்டபம் முகாம், மேட்டுப்பாளையம், அங்கிருந்து மலை. முகாமில் தொழில் என்ன என்று கேட்ட அதிகாரியிடம் டென்னிஸ் மார்க்கர் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தோட்டத் தொழிலாளி என்று எழுதிக்கொண்டார். அரவேணு பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் லயத்து வீடு கொடுத்தார்கள். மனைவி ராமாயிக்குக் கொழுந்து பறிக்கும் வேலை. எனக்குக் கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிச் சமன்படுத்தும் வேலை. நாற்பதைத் தாண்டிய வயதில் அந்தக் கத்தியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். மேனேஜருக்கு என் பழைய தொழில் எப்படியோ காதில் விழுந்து, மலையில் மார்க்கர் இல்லாமல் கிடந்த ஒரு கிளப்புக்குச் சனி ஞாயிறுகளில் அனுப்பிவைத்தார். வாரத்தில் அந்த இரண்டு நாள்தான் நான் நானாக இருந்தேன்.

அந்தக் கிளப் மெம்பர்களில் ஒருவர் டாக்டர். மலையில் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் எலும்புக்கு வைத்தியம் பார்க்கிறவர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். நல்ல மனுஷன், மோசமான பேக்ஹேண்ட். ஆனால் ஆட்டத்தின் மீது பைத்தியம். ஒரு வெயில் காலத்தில் என்னிடம் ஒரு செட் ஜெயித்துவிட்டு, கிளப்பில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம், "நம்ம மார்க்கரையே அடிச்சுட்டேனுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மழைக்காலம் முடிகிற சமயம் இடது முழங்கால் வீங்க ஆரம்பித்தது. காயம் கிடையாது, சிவப்பும் கிடையாது. மெத்தென்று ஒரு வீக்கம், குந்தி உட்கார முடியாத ஒரு இறுக்கம். ஒரு சனிக்கிழமை டாக்டரே கவனித்துவிட்டுப் பெஞ்சில் உட்கார வைத்தார்.

"என்னங்க மார்க்கர், நொண்டுறீங்க? கோர்ட்டுல வழுக்கி உட்டுருச்சுங்களா?"

வழுக்கவில்லை. ஆனால் அவர் முகத்தில் அதற்குள் பதில் எழுதியிருந்தது.

"ஆமாங்க ஐயா. ஈரத்துல லேசா வழுக்கிருச்சு."

"அப்போ உள்ள ஜவ்வு கிழிஞ்சிருக்குமுங்க. கட்டுப் போட்டுட்டு கொஞ்ச நாள் ஆடாம இருங்க, சரியாப் போயிரும்."

"அப்பிடித்தாங்க ஐயா இருக்கும்."

கட்டுப் போட்டுக்கொண்டேன். சரியாகப் போகவில்லை. பார்க்கும்போதெல்லாம் அவர் "பரவாயில்லீங்களா?" என்று கேட்டார், நானும் "தேவலைங்க ஐயா" என்றேன். தொடை வற்றிக்கொண்டே வந்தது. சாயங்காலமானால் லேசான காய்ச்சல். தூக்கத்தில் அலறுகிறேன் என்று ராமாயி சொன்னாள். எனக்கு அலறியது நினைவில்லை, வலியில் விழித்துக்கொண்டது மட்டும் தெரியும். இதற்குக் காரணம் பின்னால் தெரிந்தது. விழித்திருக்கும்போது தசைகள் கெட்ட மூட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. தூங்கியதும் பிடி தளர்ந்து மூட்டு அசைகிறது, அந்த அசைவில் உயிர் போகிற வலி வருகிறது. இப்படி அலறுகிறவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் தைலப் புட்டியைத் தூரப் போட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள்.

கவ்வாத்து மலையில் ஒரு நாள் கால் மடங்கி உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேர் தூக்கி லாரியில் ஏற்றி அந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். முழங்காலுக்குள் ஊசி விட்டு நீர் எடுத்தார்கள், வடித்த கஞ்சி மாதிரி கலங்கலாக இருந்தது. மூட்டின் உள்ஜவ்வில் கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்குக் கீழே சமவெளிக்கு அனுப்பினார்கள். பதில் வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைப் போல ஒன்றை என் எதிரிக்கும் கொடுக்க வேண்டாம். எக்ஸ்ரே அறைக்கு வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற போகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நொண்டுகிறவர், இழுக்கிறவர், கட்டையூன்றுகிறவர். இதில் எது நமக்கு என்று மனசு தேர்ந்தெடுக்கப் பார்க்கும்.

எலும்பு டி.பி. என்று வந்தது.

டி.பி. என்றால் இருமல், இரத்தம், நெஞ்சு என்றுதான் எனக்குத் தெரியும். டாக்டர் பொறுமையாக விளக்கினார். கிருமி அதேதான். நெஞ்சில் எப்போதோ நுழைந்து அங்கே ஒன்றும் செய்யாமல், இரத்தத்தோடு போய் மூட்டில் தங்கிவிடும். மெதுவாக உள்ஜவ்வைக் கெடுத்து, எலும்பு முனைகளை அரிக்கும். என் நெஞ்சுப் படம் சுத்தமாக இருந்தது, அதனால் யாருக்கும் ஒட்டாது என்றார். இதை ராமாயியிடம் நான் மூன்று தடவை சொன்னேன். அவள் லயத்தில் எலும்புக் காய்ச்சல் என்று மட்டும் சொல்லி வைத்தாள். டி.பி. என்ற சொல் வெளியே போனால் எங்கள் மகளைக் குழாயடியில் ஒதுக்குவார்கள் என்று அவளுக்குப் பயம். எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. வேலைக்கு லாயக்கில்லாதவன் என்று எஸ்டேட்டில் பேரை வெட்டிவிட்டால் வீட்டையும் கேட்பார்கள். ஒரு நாடு அனுப்பிவிட்டது, இன்னொரு நாடு தங்க வைத்திருக்கிறது. இதற்கு மேல் எங்கே போவது?

வைத்தியம் இப்படி. தினமும் இடுப்பில் ஒரு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. அதோடு கை நிறைய மாத்திரைகள், விழுங்கினால் வயிறு புரளும். முழங்காலுக்குக் கீழே பட்டை ஒட்டி, அதில் கயிறு கட்டி, கட்டில் கால்மாட்டில் இருக்கும் சின்ன உருளை வழியாக மணல் பையைத் தொங்கவிட்டார்கள். அந்தப் பாரம் காலை இழுத்துப் பிடித்து, அரித்துப்போன முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் வைத்திருக்கும். அசையாமல் கிடப்பதுதான் பாதி மருந்து என்றார் டாக்டர்.

பில்லில் அவர் தன் கையெழுத்தைப் போட்டுப் பெரும்பகுதியைக் குறைத்தார். மிச்சத்துக்கு ராமாயி கொழுந்தை எடை போட்டுக் கொடுத்த பிறகு ஒரு காய்கறித் தோட்டத்தில் கேரட் கழுவப் போனாள். நீலகிரிக் குளிரில் கேரட் கழுவுவது என்றால் சாயங்காலம் முழுக்க ஐஸ் தண்ணீரில் நிற்பது. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வருவாள், தூக்கில் ரொட்டியும் தேங்காய் சம்பலும் இருக்கும். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவாள். சாப்பாட்டை எடுத்துக் கொடுக்கும் விரல்கள் வெளுத்து வெடித்திருக்கும். நான் பார்ப்பது தெரிந்தால் முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள்.

பக்கத்துக் கட்டிலில் காதர் பாய். ஊட்டி பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவர், கடைப் படியில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு வந்தவர். எதற்கும் பேரம் பேசுவார். சிஸ்டர் ஊசியோடு வந்தால் இன்றைக்கு நாளைக்கு என்று இழுப்பார். டாக்டர் வந்தால் வலியை இரண்டு மடங்காக்கிச் சொல்வார்.

"அப்பத்தானே மார்க்கரே அவங்க பாதியாவது நம்புவாங்க" என்பார் என்னிடம்.

நான் நேர் எதிர். காலையில் டாக்டர் வார்டுக்குள் நுழையும்போதே அவர் முகம் களைத்திருக்கும். ஒவ்வொரு கட்டிலிலும் முனகலைக் கேட்டு இன்னும் களைக்கும். என் கட்டிலுக்கு வந்ததும் கொஞ்சம் மலரும். நான் அவருடைய மார்க்கர் அல்லவா.

"எப்படீங்க இருக்குது?"

"நேத்தைக்கு இன்னைக்கு தேவலைங்க ஐயா."

"ராத்திரி வலி?"

"இல்லைங்க ஐயா."

"காதுல இரைச்சல் இருக்குதுங்களா? அந்த ஊசி சில பேருக்குக் காதைப் புடிக்கும், இருந்தாச் சொல்லோணும்."

"இல்லைங்க ஐயா."

இரைச்சல் இருந்தது. தேயிலை ஃபேக்டரிக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இரண்டு காதிலும் ஓடிக்கொண்டே இருந்தது. இரவில் வலியும் இருந்தது. ஏன் இல்லை என்றேன்? பாதி, அந்த முகம் மலர்வதைப் பார்ப்பதற்காக. முப்பது வருஷம் அதைச் செய்தே சம்பளம் வாங்கியவனுக்கு நாக்கு வேறு மாதிரி புரளாது. மீதி, சுத்தமான பயம். வலிக்கிறது என்று சொன்னால் வலி நிஜமாகிவிடும், இனி மட்டையைத் தொட முடியாது என்று அவர் வாயிலிருந்து வந்துவிடும். மெம்பருக்குப் பந்தை வாகாகப் போட்டுக் கொடுத்துப் பழகியவன், நோயையும் அவருக்கு வாகாகப் போட்டுக் கொடுத்தேன்.

இரத்தப் பரிசோதனையும் எனக்கு உடந்தையாக இருந்தது. இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் நிற்க வைத்து, சிவப்பு எவ்வளவு வேகமாகக் கீழே படிகிறது என்று பார்ப்பார்கள். நோய் இருந்தால் வேகமாகப் படியும். என்னுடையது கொஞ்சம் மெதுவாகியிருந்தது. டாக்டருக்குச் சந்தோஷம்.

"இரத்தம் நல்லாருக்குது, வலியுமில்லீங்கறீங்க. பாரத்தை எடுத்துட்டு மெதுவா மடக்கப் பழக்கலாமுங்க. விட்டா மூட்டு இறுகிப் போயிரும். வர்ற சீசனுக்கு ஆடோணுமல்ல?"

ஆட வேண்டும் என்று அவர் சொன்னதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மறுநாளிலிருந்து சிஸ்டர் வந்து காலை மடக்கினாள். சின்னப் பெண், இதமான கை.

"இன்னுங் கொஞ்சம் மடக்கலாங்களாண்ணா? வலிச்சாச் சொல்லிருங்க."

"மடக்கும்மா."

உள்ளே மணலை அரைக்கிற மாதிரி இருந்தது. நான் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். காதர் பாய் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் போன பிறகு கேட்டார்.

"மார்க்கரே, இந்தக் குளிருல உங்க தலகாணி ஏன் வேர்வையில நனைஞ்சு கெடக்கு?"

"உடம்பு சூடு பாய்."

"அட போங்க. நானு முப்பது வருஷமா கஸ்டமர் மொகத்தப் பாக்கறவன். நீங்க முழுகப் போற ஆளு."

நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். மடக்க மடக்கக் காய்ச்சல் ஏறியது. முழங்காலின் உள்பக்கம் மெத்தென்று ஒரு கட்டி தலைகாட்டியது. போர்வையை அதன் மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு ராமாயி வந்தபோது காதர் பாய் அவளைக் கையசைத்துக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். அவள் என்னிடம் வந்தாள். போர்வையை விலக்கிக் கட்டியைப் பார்த்தாள், தொட்டாள். பிறகு ரொட்டியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பார்வை நேரம் முடிந்து மணி அடித்தது, எழுந்திருக்கவில்லை. சிஸ்டர் வந்து சொன்னாள், அப்போதும் எழுந்திருக்கவில்லை. அரவேணு பஸ் போய்விடும் என்றேன். "போகட்டும்" என்றாள்.

எங்கள் பெண்கள் டாக்டரிடம் நேரே பேச மாட்டார்கள். இலங்கையில் துரையிடமும் பேசியதில்லை, வேலை வாங்கும் கங்காணிதான் பேசுவார். மாலைச் சுற்றுக்கு டாக்டர் வந்தபோது ராமாயி எழுந்து கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கம்மா."

"இவரக் கேக்காதீங்க. நீங்க கேட்டா இவரு வலிக்கலன்னுதான் சொல்லுவாரு. இவரு கோர்ட்டுல செய்யுறத இங்கயும் செய்யுறாரு. ஒங்க மொகம் வாடக் கூடாதுன்னு பாக்குறாரு. மொதல்ல வழுக்கி விழுந்தாருன்னதும் பொய்யி. வழுக்கவே இல்ல. காது இரையுதுன்னு எங்கிட்ட சொன்னாரு, ஒங்ககிட்ட சொன்னாரா? இந்தா இருக்கு பாருங்க கட்டி." போர்வையை இழுத்துவிட்டாள். "இவரு வாயப் பாக்காம காலப் பாருங்கய்யா. எனக்கு ஆளு வேணும்."

டாக்டர் குனிந்து முழங்காலைப் பார்த்தார், கட்டியைத் தொட்டார். அவர் முகம் வெளுத்தது. உடனே பாரத்தைத் திரும்பக் கட்டச் சொன்னார், ஊசியை நிறுத்தச் சொன்னார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வேறு ஒன்றைக் கேட்டார்.

"கோர்ட்டுல செய்யறதுன்னா... அந்த செட்டுங்களா?"

ராமாயி தரையைப் பார்த்தாள்.

"சொல்லுங்க மார்க்கர்."

"நான் விட்டதுங்க ஐயா."

"எல்லாமே?"

"கடைசி கேம் மட்டும் நீங்களே எடுத்தீங்க."

அதுவும் உண்மையில்லை. அவ்வளவு நடந்த பிறகும் ஒரு கேமை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். அவர் அதைக் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். எழுந்து போய்விட்டார்.

மறுநாள் சுற்றுக்கு வேறு டாக்டர் வந்தார். அதற்கு அடுத்த நாளும் அவர்தான். எக்ஸ்ரே எடுக்க ஆள் வந்தது, கட்டியிலிருந்து சீழ் எடுக்க ஆள் வந்தது, என் டாக்டர் மட்டும் வரவில்லை. மெம்பரை அவமானப்படுத்திய மார்க்கருக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இலங்கையில் ஒருவன் துரையின் சின்ன மகனிடம் வாய் தவறி உண்மையைச் சொல்லி, மறுநாளே மட்டையை வைத்துவிட்டுப் போனான். இங்கே மட்டை போனால் பரவாயில்லை. கால் இவர் கையில் இருக்கிறது. வந்து திட்டினாலும் தேவலை என்று வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்த நாட்களில் நான் பட்ட பயம் நோய்க்குக்கூடப் பட்டதில்லை.

வந்தார். கையில் படம் இருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை, துடைத்து வைத்த மாதிரி. முழங்காலைச் சுற்றி ஒவ்வொரு இடமாக விரலால் அழுத்தினார்.

"இங்க?"

"வலிக்குதுங்க ஐயா."

"இங்க?"

"வலிக்குது."

"இங்க?"

"ரொம்ப வலிக்குதுங்க."

அந்தச் சொல்லை அத்தனை தடவை சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கடன் கேட்கிறவன் மாதிரி குரல் இறங்கிக்கொண்டே போனது. காதைப் பற்றிக் கேட்டார், அதையும் சொன்னேன். வலது காது பிறகு தெளிந்தது. இடது காது இன்றைக்கும் சரியாகக் கேட்காது.

அப்புறம் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி ஒரு பக்கம் காணவே இல்லை. மடக்கியதில் உரசிப் போயிருந்தது. இனி மாத்திரை மட்டும் போதாது, ஆபரேஷன் செய்ய வேண்டும், இரண்டு வழி இருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை அது, ராமாயியும் இருந்தாள். அவளையும் பக்கத்தில் நிற்கச் சொல்லித்தான் பேசினார்.

முதல் வழி, மூட்டைத் திறந்து கெட்டதையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு மூட்டை மூட்டாகவே காப்பாற்றப் பார்ப்பது. கால் மடங்கும். நோய் திரும்பி வரலாம், மறுபடியும் திறக்க வேண்டியிருக்கலாம், எத்தனை மாதம் படுக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது வழி, அரித்த முனைகளைச் சீவிவிட்டுத் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் நேராகச் சேர்த்து வைத்து, கம்பி குத்தி இறுக்கிவிடுவது. இரண்டும் ஒட்டி ஒரே எலும்பாகிவிடும். வலி போய்விடும், நிற்கலாம், நடக்கலாம், வேலை செய்யலாம். அந்தக் கால் பிறகு ஒருநாளும் மடங்காது.

"எதுன்னு நாஞ் சொல்ல மாட்டேனுங்க. நீங்கதான் சொல்லோணும்."

சொல்ல மாட்டேன் என்றார். ஆனால் முதல் வழியைச் சொல்லும்போது அவர் கை காற்றில் கத்தி பிடித்தது, கண் மின்னியது. கஷ்டமான ஆபரேஷன், செய்து காட்ட ஆசை. அதற்கும் மேலே ஒன்று இருந்தது. என்னைத் திரும்பக் கோர்ட்டில் நிறுத்தி, ஒரே ஒரு செட்டாவது நிஜமாக ஆடிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. முகம் படிக்கிறவனுக்கு அது தெரியாமல் போகுமா? எனக்கும் அதே ஆசைதான். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றாகவே இருந்தது, சரி என்று தலையாட்டினால் போதும். என் தலை ஆடத் தொடங்கிவிட்டது என்றே நினைக்கிறேன்.

ராமாயி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை கையை மறைக்க மறந்துவிட்டாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, ஒரு வெடிப்பில் இரத்தம் காய்ந்திருந்தது. திரும்பி வரலாம், மறுபடியும் திறக்கலாம், எத்தனை மாதம் என்று தெரியாது. அத்தனை மாதமும் அவள் அந்தத் தண்ணீரில் நிற்பாள். போகாதே என்றால் கேட்க மாட்டாள், எனக்குத் தெரியும்.

"நேரா சேத்துக் கட்டிருங்க ஐயா" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? அப்புறம் ஆட முடியாதுங்க."

"தெரியுங்க ஐயா. நான் இனி ஆட மாட்டேன்."

சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முகம் வாடியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் கண் முன்னாலேயே வாடியது. அதைத் தூக்கி நிறுத்துகிற மாதிரி ஏதாவது சொல்ல நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, வாடட்டும் என்று விட்டுவிட்டேன்.